வாசகர் கேள்வி – பதில்: கப்பலும் கடல் அளவுகளும்

கேள்வி: கப்பலின் விலாவில் ஒரு வட்டம், அதன் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் ஏணிப்படி மாதிரி சில கோடுகள். என்ன அது? ஆற்றுத் துறைமுகத்தில் கூடுதலாக முழுக விடலாமாமே? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: அது சுமைக்கோடு, கப்பல் எதுவரை முழுகலாம் என்று காட்டும் எல்லை. ப்ளிம்சால் குறி என்றும் சொல்வார்கள். சாமுவேல் ப்ளிம்சால் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் போராடியதால் 1876இல் அங்கே கட்டாயமானது. ஆனால் கோட்டை எங்கே போடுவது என்பதை அந்தச் சட்டம் முதலாளியிடமே விட்டுவிட்டது! இடத்தைச் சட்டம் நிர்ணயிக்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

வட்டத்தின் நடுக்கோட்டுக்கு நேராக இருப்பது 'எஸ்', கோடைக்காலக் கடல்நீர். அதற்கு மேலே 'டி', வெப்பமண்டலக் கடல். கீழே 'டபிள்யூ', குளிர்காலம். எதிர்ப்பக்கம் 'எஃப்', நன்னீர். அதற்கும் மேலே 'டி.எஃப்', வெப்பமண்டல நன்னீர். கணக்குக்கு எடுப்பது கோட்டின் மேல் விளிம்பை.

நன்னீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1000 கிலோ, கடல்நீருடையது 1025. அதனால் அதே சரக்கோடு ஆற்றில் கப்பல் அதிகம் முழுகும், கடலுக்கு வந்ததும் எழும்பும். எவ்வளவு? இடப்பெயர்ச்சி (கப்பல் ஒதுக்கும் நீரின் எடை, அதாவது சுமையோடு கப்பலின் மொத்த எடை) 40,000 டன்; 1 செ.மீ. முழுக 50 டன் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40,000ஐ, 50இன் நான்கு மடங்கான 200ஆல் வகுத்தால் 200 மி.மீ. கோட்டுக்கு மேல் இவ்வளவு முழுக விடலாம்; இது முழு நன்னீருக்கான சலுகை. கொல்கத்தாவின் ஹூக்ளி போன்ற ஆற்று முகத்தில் நீர் பெரும்பாலும் இரண்டுங்கெட்டான். அடர்த்திமானி 1015 காட்டினால் கடல்நீரைவிட 10தான் குறைவு; எனவே 25இல் 10 பங்குதான் சலுகை, அதாவது 80 மி.மீ. அதை 'ஆறுதானே' என்று 200 ஆக எடுத்தால், மிச்சம் 120 மி.மீ.க்கு 600 டன் சட்டவிரோதச் சுமை.

பிழை பெரும்பாலும் வாளியில் தொடங்குகிறது. இயந்திரக் குளிர்நீர் வெளியேறும் இடத்துக்குப் பக்கத்தில் நீர் மொண்டால் அளவு பொய்யாகும். அடர்த்தி ஆழத்துக்கும் ஓதத்துக்கும் (கடலின் ஏற்றவற்றம்) ஏற்ப மாறும். சரக்கேற்றி முடிக்கும் நேரத்தில், பல இடங்களில், பாதி ஆழத்திலிருந்து எடுங்கள். கப்பல் சாய்ந்திருந்தால் இரு விலாவிலும் நீர்மட்டத்தைப் படித்துச் சராசரி காண வேண்டும்.

கேள்வி: டைட்டானிக் 46,328 டன் என்கிறார்கள். அது அதன் எடையா? (மதுரை வாசகி)

பதில்: இல்லை, அது கொள்ளளவு. அந்தக் கால மொத்தப் பதிவு டன்னில் 1 டன் என்பது 100 கன அடி இடம். கப்பல் அளவை பற்றிய 1969 சர்வதேச உடன்படிக்கைக்குப் பிறகு வந்த மொத்த டன்னேஜும் கொள்ளளவுக் கணக்கே; அதற்கு எடை அலகு கிடையாது. கப்பல் சுமக்கும் எடையைச் சொல்வது டெட்வெயிட். அதில் எரிபொருள், குடிநீர், சாமான், ஆட்கள் எல்லாம் சேரும் என்பதால் சரக்கு அதைவிடக் குறைவாகவே இருக்கும். போர்க்கப்பலுக்குச் சொல்வது இடப்பெயர்ச்சி. செய்திகளில் மூன்றையும் வெறும் 'டன்' என்றே எழுதிவிடுகிறார்கள்.

கேள்வி: கடல் மைலை வரைபடத்தில் எப்படி அளப்பது? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: 1 கடல் மைல் 1,852 மீட்டர், ஏறக்குறைய அட்சரேகையின் ஒரு கலை (ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு). கவராயத்தை விரித்து, வரைபடத்தின் இடது அல்லது வலது ஓர அளவுகோலில், உங்கள் இடத்துக்கு நேராக வைத்துப் படியுங்கள். மேல், கீழ் ஓரங்களில் வைக்காதீர்கள். அது தீர்க்கரேகை, சென்னை அருகிலேயே 2.6 சதவீதம் பிசகும், வடக்கே போகப்போக மோசமாகும். நாட் என்றாலே மணிக்கு ஒரு கடல் மைல். 'மணிக்கு 10 நாட்' என்று எழுதத் தேவையில்லை.

கேள்வி: எங்கள் படகு நங்கூரம் போட்டும் இழுபடுகிறது. கயிறு எத்தனை பாகம் விட வேண்டும்? (இராமநாதபுரம் வாசகர்)

பதில்: ஆழத்தைத் தரையிலிருந்து நீர்மட்டம் வரை மட்டும் எண்ணாதீர்கள். நீர் 8 மீட்டர், ஓதம் ஏறுவது அரை மீட்டர், நீர்மட்டத்திலிருந்து அணியம் (படகின் முன்முனை) ஒன்றரை மீட்டர் உயரம் என்றால் கணக்கு 10 மீட்டர். அமைதியில் அதன் 5 மடங்கு, காற்றில் 7 மடங்கு: 70 மீட்டர், அதாவது சுமார் 38 பாகம் (ஒரு பாகம் சுமார் 1.83 மீட்டர்). ஒலியால் ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டரின் உணரி அடிப்பலகையில் இருப்பதால், சரிசெய்யாவிட்டால் ஆழத்தைக் குறைத்துக் காட்டும். நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே சில மீட்டர் சங்கிலி போடுங்கள். இழுவை தரையோடு படுத்தால்தான் நங்கூரம் புதையும், செங்குத்தாக இழுத்தால் பெயரும்.