கேட்டது வருஷம், சொன்னது வயசு

கேள்வி: ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆச்சு. ஆன்லைன்ல அரசியல் பேசினா இந்த 2கே பசங்க 'பூமர் அங்கிள்'னு ஒரே வார்த்தையில அசிங்கப்படுத்துறாங்க. ரீல்ஸ் பாத்து அரசியல் கத்துக்கிட்டவங்க, பொய்ய நம்பி பொய்யவே பரப்புறாங்க. பேசாம ஓட்டுப் போடுற வயச 25 ஆக்கிட்டா என்ன? எனக்கு நடந்த ஒரு சண்டையோட ஸ்க்ரீன்ஷாட்ட இணைச்சிருக்கேன், நீங்களே தீர்ப்பு சொல்லுங்க.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: ஸ்க்ரீன்ஷாட்ட முழுசா படிச்சேன் சார், ரெண்டு தடவ. ராத்திரி 9.12க்கு நீங்க ஒரு படம் போடுறீங்க, ஆஸ்பத்திரி வார்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி, மேல 'இதுதான் இவங்க ஆட்சி லட்சணம்'னு ஒரு வரி. 9.15க்கு அந்தத் தம்பி கேக்குறார், 'சார், பழைய படம் மாதிரி இருக்கே, எந்த வருஷம் எடுத்தது?' சார்னு கூப்பிட்டுதான் ஆரம்பிச்சிருக்கார், அத கவனிச்சீங்களா? 9.16க்கு உங்க பதில்: 'நீ பொறக்கறதுக்கு முன்னாடியே ஓட்டுப் போட்டவன் நான், போய் படிக்கிற வேலைய பாரு.' பூமர் அதுக்கப்புறம்தான் வருது. அப்புறம் ரெண்டு பக்கமும் ஆள் சேர்ந்து, அவர் காசு வாங்கிட்டு எழுதுறவர்னு ஒருத்தர், நீங்க கட்சி அடிமைன்னு இன்னொருத்தர், நடுராத்திரி வரைக்கும் ஓடியிருக்கு, ஆனா படம் எந்த வருஷத்துதுன்னு மட்டும் யாரும் சொல்லல.

தீர்ப்பு கேட்டீங்க. மொதல் தப்பு உங்க மேலதான். அவர் கேட்டது படத்தோட வயசு, நீங்க சொன்னது உங்க வயசு. அவர் பூமர்னு திருப்பி அடிச்சதும் தப்புதான், ஏன்னா நீங்க செஞ்ச அதே வேலைய அவரும் செஞ்சிட்டார். ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் 1946லேர்ந்து 1964 வரைக்கும் பொறந்தவங்களுக்கு அமெரிக்காவுல வச்ச பேர்தான் பூமர். இன்னிக்கு 90ஸ் கிட்ஸையே பூமர்ங்கிறாங்க, அப்ப அதுக்கும் வயசுக்கும் என்ன சம்பந்தம் இருக்கு, 'நீ பேசுறத நான் கேக்கப் போறதில்ல'ங்கிறதுதான் அதுக்கு இப்ப அர்த்தம். நீங்க சொல்ற '2கே பசங்க'ளுக்கும் அர்த்தம் அதேதான் சார்.

2019 நவம்பர்ல நியூசிலாந்து பார்லிமெண்ட்ல நடந்தது ஞாபகம் இருக்கலாம். க்ளோயி ஸ்வார்பிரிக்னு 25 வயசு எம்.பி., கார்பன் வெளியேற்றத்த குறைக்கிற மசோதா மேல பேசுறாங்க, 2050ல எனக்கு 56 வயசு இருக்கும், இந்த சபையோட சராசரி வயசு இப்ப 49ன்னு சொல்லும்போது யாரோ மூத்த உறுப்பினர் குறுக்க சத்தம் போட, 'ஓகே பூமர்'னு ரெண்டே வார்த்தை சொல்லிட்டு பேச்ச தொடர்ந்தாங்க. அந்த ரெண்டு வார்த்தை உலகம் முழுக்க சுத்துச்சு. ஆனா அதே வாரத்துல பெரிய எதிர்க்கட்சியும் ஆளுங்கட்சியும் சேர்ந்து ஓட்டுப் போட்டு அந்த மசோதா நிறைவேறிச்சு, இளசு பெருசு கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே பக்கம் நின்னாங்க, அத எத்தன பேர் ஷேர் பண்ணோம்? எனக்கு இதுதான் மனசு ஆறல. சேர்ந்து செஞ்ச காரியம் யாருக்கும் தெரியல, குத்தினது மட்டும் தெரியுது.

இது தானா நடக்குறதும் இல்ல. 2017லேர்ந்து ஃபேஸ்புக்ல கோபமூஞ்சி எமோஜி ஒண்ணுக்கு லைக்க விட 5 மடங்கு மதிப்பு குடுத்து எந்த பதிவ மேல காட்டுறதுன்னு கணக்கு பண்ணாங்க, 2021ல வெளிய வந்த அவங்க உள் ஆவணங்கள்லயே இருக்கு (பின்னாடி அந்த மதிப்ப பூஜ்யமாக்கினாங்க). அந்த மாதிரி கணக்குல, உங்களுக்கு எரிச்சல் வர்ற மாதிரி எழுதினவனோட பதிவுதான் உங்க கண்ணுல படும், அந்தத் தம்பிக்கும் அவர கொதிக்க வைக்கிற பெரியவர்தான் தெரிவார். அமைதியா பேசுற இளைஞர்கள் நெறைய பேர் இருக்காங்க, நீங்க பாக்கல, ஏன்னா அவங்கள உங்ககிட்ட கொண்டு வந்து காட்ட யாருக்கும் லாபம் இல்ல.

பொய்ய பரப்புறது சின்னவங்கதான்னு எழுதியிருக்கீங்க. 2016 அமெரிக்க தேர்தல் சமயத்துல ஃபேஸ்புக்ல யார் போலிச் செய்தி பகிர்ந்தாங்கன்னு ஒரு ஆய்வு 2019ல வந்துச்சு, 65 வயசுக்கு மேல இருந்தவங்க இளசுகள விட கிட்டத்தட்ட 7 மடங்கு பகிர்ந்திருக்காங்க. இதப் படிக்கிற தம்பி தங்கச்சிங்க உடனே இத தூக்கிட்டு அப்பாகிட்ட ஓடாதீங்க, அதே ஆய்வுல 100க்கு 90 பேருக்கு மேல ஒரு போலிச் செய்தி கூட பகிரலன்னும் இருக்கு. ஒரு சின்ன கூட்டம் செய்யிறத வச்சு அந்த வயசுக்காரங்க எல்லாரையும் அடிக்கிறது எந்தப் பக்கத்துலேர்ந்து செஞ்சாலும் அநியாயம்தான்.

ஓட்டு வயச 25 ஆக்குறதா? ஆஸ்திரியா 2007லயே 16க்கு இறக்கிடுச்சு. 20 வயசுல ஒருத்தர் வேலைக்குப் போறார், வரி கட்டுறார், இன்னிக்கு போடுற சட்டத்தோட விளைவ நம்மள விட ரொம்ப காலம் அனுபவிக்கப் போறவரும் அவர்தான். எதிர் பக்கம் ஓட்டுப் போடுவாங்கன்னு சந்தேகம் வந்ததும் அவங்க ஓட்ட பறிக்கத் தோணுதே, அந்த எண்ணத்துக்கு நீங்க பயப்படணும் சார். நாளைக்கு இன்னொருத்தர் 60 வயசுக்கு மேல ஓட்டு எதுக்குன்னு கேப்பார், அப்ப நீங்க என்ன பதில் வச்சிருக்கீங்க?

உங்க அனுபவத்த நான் குறைச்சு சொல்லல. எத்தனையோ தேர்தல் பாத்திருப்பீங்க, யார் எந்தக் கட்சியிலேர்ந்து எங்க தாவினாங்க, எந்த வாக்குறுதி காத்துல போச்சுன்னு ஒரு 20 வயசுக்காரருக்கு உங்களால சொல்ல முடியும், அத சொல்லாம 'நான் பெரியவன்'னு மட்டும் சொன்னதுதான் என் வருத்தம்.

அந்தத் தம்பியோட கேள்வி 9.15லேர்ந்து அங்கயே நிக்குது. இன்னிக்கே போய் படம் எந்த வருஷத்துதுன்னு தேடிப் பாத்து அதுக்கு கீழயே எழுதுங்க, பழைய படமா இருந்தா 'ஆமா தம்பி, பழசுதான்'னு எழுதுங்க. அவர் என்ன பதில் போட்டார்னு எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க.