4 ஜிபிக்கு மேலே – கடிதம்

அன்புள்ள ஐயா,

கற்றுக்கொள்வதற்காக ஏஹெச்சிஐ (சாட்டா வட்டுகளோடு கணினி பேசும் பொது முறை) வகைச் சாட்டா கார்டு ஒன்றுக்கு லினக்ஸில் நானே டிரைவர் எழுதி, நண்பர்கள் சிலருக்கும் கொடுத்திருக்கிறேன். 2 ஜிபி ரேம் உள்ள கணினியில் நாள் முழுக்கப் பிசகில்லாமல் ஓடுகிறது. 16 ஜிபி கணினியில் அரை மணி நேரத்தில் ஃபைல் சிஸ்டம் சிதைகிறது. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. பழைய டிரைவர் ஒன்றில் இருந்தபடியே முதலில் 64 பிட் டிஎம்ஏ மாஸ்க் (கார்டு தானே நேராக ரேமைத் தொடுவது டிஎம்ஏ, அதில் அது எட்டும் முகவரியின் வரம்பு மாஸ்க்) கேட்கிறேன், தோற்றால் 32. அது தோற்கவே இல்லை. பூட் வரியில் மெம்=4ஜி கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுகிறது. அதையே நிறுவல் குறிப்பில் எழுதிவிடலாமா? கார்டு எட்டாத தரவை எட்டும் இடத்துக்கு நகலெடுத்துத் தரும் பவுன்ஸ் பஃபர் வந்தால் வேகம் குறையுமா? ரஸ்ட் மொழியில் எழுதியிருந்தால் தப்பித்திருப்பேனா?

க.

அன்புள்ள க.,

‘அது தோற்கவே இல்லை’ என்ற ஒரு வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். சில நாட்களாக நான் யோசித்துக்கொண்டிருந்ததும் இதையேதான்.

ரஸ்டை விடுங்கள். மாஸ்க்கில் தவறான எண்ணைக் கொடுத்தால் எந்த மொழியும் திருத்தித் தராது. வேகமும் இப்போது பேச்சில்லை. சாட்டா இணைப்பே நொடிக்கு 600 எம்பிதான், ரேமுக்குள் நகலெடுப்பது அதைவிடப் பலமடங்கு வேகம். மெம்=4ஜி எழுதவே கூடாது. அது ரேமின் அளவை அல்ல, முகவரியின் உச்சியை வெட்டுகிறது. 4 ஜிபிக்குக் கீழே பிசிஐ சாதனங்களுக்கு ஒதுக்கிய இடமும் இருப்பதால் உங்கள் நண்பருக்கு 4 ஜிபிகூட முழுதாக மிஞ்சாது.

இனி அந்த வரி. மாஸ்க்கை அமைக்கும் அழைப்பு கார்டைச் சோதித்துப் பார்ப்பதாக நினைத்துவிட்டீர்கள். அது கார்டைத் தொடுவதே இல்லை. ‘இந்தக் கார்டால் இத்தனை பிட் முகவரி அனுப்ப முடியும்’ என்று நீங்கள் லினக்ஸின் மையமான கர்னலுக்குத் தரும் வாக்குமூலம் அது. அந்த வரம்புக்குள் நினைவகம் தர இந்தக் கணினியால் முடியுமா என்று மட்டுமே கர்னல் பார்க்கிறது. 64 பிட் என்பது வரம்பே இல்லை என்று சொல்வது, அதை ஏன் மறுக்கப் போகிறது? இன்றைய கர்னலில் 64 தோற்று 32க்கு இறங்கும் அந்த இஃப் கிளை ஒருபோதும் ஓடாது. பழைய டிரைவரில் இருந்தது என்பதற்காக, என்ன செய்கிறது என்று கேட்காமல் அதை எடுத்து வைத்தீர்களே, அதுதான் எனக்குக் கோபம். 2 ஜிபியில் ஓடுகிறது, 16 ஜிபியில் சிதைகிறது என்று இவ்வளவு கவனமாகப் பிரித்துப் பார்த்தவர் நீங்கள். மாஸ்க்கை மட்டும் ஏன் நம்பினீர்கள்?

ஏஹெச்சிஐயில் கார்டு தன் திறன்களைச் சொல்லும் கேப் ரெஜிஸ்டரின் 31ஆம் பிட்டைப் படியுங்கள். அது 0 என்றால் கார்டுக்கு 64 பிட் முகவரி தெரியாது, 32 பிட்டில் எட்டும் முதல் 4 ஜிபிதான். கமாண்ட் லிஸ்ட் (கார்டுக்கான கட்டளைப் பட்டியல்) இருக்கும் முகவரியின் மேல் 32 பிட் ரெஜிஸ்டரில் என்ன எழுதினாலும் 0தான் நிற்கும். 5 ஜிபியில் இருக்கும் பஃபரைக் கொடுத்தால் கார்டுக்கு அது 1 ஜிபியாகத் தெரியும். வட்டிலிருந்து படித்ததை அங்கே இருக்கும் யாருடைய பக்கத்திலோ கொட்டும். வட்டில் எழுதும்போது அங்கே கிடக்கும் யாருடைய தரவையோ அள்ளிக்கொண்டு போகும். சாட்டா கேபிளில் சிஆர்சி (வழியில் தரவு கெட்டதா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்) சரியாகவே இருக்கும், ஏனென்றால் தவறான தரவு சரியாகத்தான் பயணம் செய்தது. சாதனங்கள் கேட்கும் முகவரிகளை மாற்றித் தந்து காவல் காக்கும் ஐஓஎம்எம்யூ இல்லையென்றால் தடுக்க யாரும் இல்லை. உங்களுக்குப் பிழைச் செய்தி வராததன் காரணம் இது.

பிட் 1 என்று சொன்னாலும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஏடிஐ எஸ்பி600 என்ற சிப் தன்னால் 64 பிட் முடியும் என்றே சொல்லும், லினக்ஸ் அதை 32இல் நிறுத்தி வைத்திருக்கிறது. அந்தச் சிப் உள்ள ஏசஸ் எம்2ஏ-விஎம் பலகையில் 2007 அக்டோபர் பயாஸ் முதல்தான் 64க்கு அனுமதி. ஏஎஸ்மீடியா ஏஎஸ்எம்1061 என்ற சிப் சொல்வதும் 64, உண்மையில் 43. 2024இல்தான் கர்னலில் அந்த வரம்பு சேர்ந்தது. 43 பிட் என்றால் 8 டிபி, அவ்வளவு ரேம் யாரிடம் இருக்கிறது என்று கேட்பீர்கள். ஐஓஎம்எம்யூ தரும் முகவரிக்கும் ரேமின் அளவுக்கும் சம்பந்தமில்லை. கீழே இடம் தீர்ந்ததும் அது உச்சியிலிருந்து எடுத்துக் கொடுக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ராஸ்பெர்ரி பை 4இன் ஆரம்பகாலச் சிப்பில் பிசிஐஇ வழியாக முதல் 3 ஜிபியைத்தான் எட்ட முடியும். அதை எந்தக் கார்டின் டிரைவரும் அறிய வேண்டியதில்லை. பஸ்ஸின் (கார்டுக்கும் ரேமுக்கும் இடையிலான பாதை) வரம்பை டிவைஸ் ட்ரீ (பலகையின் வன்பொருள் விவரப் பட்டியல்) சொல்லும், கார்டின் வரம்பை நீங்கள் சொல்லுங்கள், இரண்டில் சிறியதைக் கர்னல் எடுத்துக்கொள்ளும்.

பிட் 0 என்றால் நேராக 32 பிட் மாஸ்க் போடுங்கள், திரும்பும் மதிப்பைப் பாருங்கள், தோற்றால் ப்ரோபை (டிரைவர் கார்டை ஏற்கும் தொடக்க வேலையை) அங்கேயே கைவிடுங்கள். அதன் பிறகும் 16 ஜிபியில் சிதைந்தால், வேலை முடிந்ததைக் கார்டு அறிவிக்கும் இன்டரப்டில், அன்மேப் (பஃபரைக் கார்டிடமிருந்து திரும்பப் பெறுவது) செய்வதற்கு முன்பே கோரிக்கையை முடித்துவிடுகிறீர்களா என்று பாருங்கள். பவுன்ஸ் பஃபரிலிருந்து உண்மையான பக்கத்துக்குத் தரவு வந்து சேர்வதே அன்மேப்பில்தான். மேப் செய்யும்போது (பஃபரைக் கார்டிடம் ஒப்படைக்கும்போது) கிடைத்த துண்டுகளின் எண்ணிக்கையை வைத்து, கார்டுக்குப் பஃபர் முகவரிகளைச் சொல்லும் பிஆர்டி அட்டவணையை நிரப்புங்கள், அன்மேப்புக்கு மட்டும் முதலில் கொடுத்த எண்ணிக்கை. மேப் 0 தந்தால் அது வட்டின் பிழை அல்ல. வழக்கமான 64 எம்பி பவுன்ஸ் இடம் அப்போதைக்கு நிரம்பியிருக்கலாம், ‘பிஸி’ என்று திருப்பி அனுப்புங்கள், மேலடுக்கு மறுபடி அனுப்பும். ஒரே துண்டாக 256 கேபிக்கு மேல் அங்கே கிடைக்காது, கோரிக்கையின் உச்ச அளவை அதற்குள் வையுங்கள்.

சோதிக்க 16 ஜிபி தேவையில்லை. அந்த 2 ஜிபி கணினியிலேயே டிஎம்ஏ தவறுகளைப் பிடிக்கும் டிஎம்ஏ டீபக் வசதியுடன் கர்னலைக் கட்டி, பூட் வரியில் ஸ்விஐஓடிஎல்பி=ஃபோர்ஸ் கொடுங்கள். எல்லாக் கோரிக்கையும் பவுன்ஸ் பஃபர் வழியாகப் போகும். ஓர் இரவு எழுதிப் படித்து செக்சம் ஒப்பிடுங்கள். பிறகும் பெரிய கணினியில் தவறினால் 31ஆம் பிட்டின் மதிப்பையும் கார்டின் பிசிஐ எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.