லண்டன்–கராச்சி தந்திக் கம்பி: கேட்டவர்களுக்குப் பதில்

1860-களில் பிரிட்டன் தன் தந்திக் கம்பியைத் துருக்கி, பாரசீகம் (இன்றைய ஈரான்) என்று அடுத்தவர் மண் வழியாக இந்தியா வரை கொண்டுவந்தது. அதைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் கீழே. ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், கடல் சும்மாத்தானே கிடந்தது? யாரையும் கெஞ்சாமல் கடலுக்குள்ளேயே கேபிள் போட்டு வந்திருக்கலாமே?

முதலில் அதைத்தான் செய்து கையைச் சுட்டுக்கொண்டார்கள். 1857 மே 10-ல் மீரட்டில் சிப்பாய்கள் கலகத்தில் கிளம்பிய செய்தி லண்டன் போய்ச் சேர ஆறு வாரத்துக்கு மேல் ஆனது. அந்தப் பதற்றத்தில் ஒரு கம்பெனிக்கு அவசரமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, 1859-60-ல் சூயஸிலிருந்து ஏடன் வழியாகக் கராச்சி வரை கேபிள் இறக்கினார்கள். செங்கடலின் அடியில் பல இடங்களில் பவளப்பாறை; மேடும் பள்ளமும். கேபிளைத் தளர்வாக விடாமல் விறைப்பாக இழுத்துப் போட்டதில், பாறைக்குப் பாறை அந்தரத்தில் தொங்கி, எடை தாங்காமல் அறுந்தது. ஒரு துண்டு பேசும்போது இன்னொரு துண்டு செத்துக் கிடக்கும்.

கூத்து என்னவென்றால், கேபிள் ஓடினாலும் ஓடாவிட்டாலும் 50 வருடத்துக்கு 4.5 சதவீதம் தருகிறோம் என்று அரசாங்கம் பங்குதாரர்களுக்கு உத்தரவாதம் கொடுத்திருந்தது. 8 லட்சம் பவுண்டு முதலுக்கு வருடம் 36,000 பவுண்டு. கடலடியில் மக்கிப்போன கேபிளுக்கு 1908 வரை தண்டம் அழுதார்கள். இதற்கப்புறம் நீண்ட கடல் கேபிள் என்று யார் வாயைத் திறந்தாலும் கஜானாக்காரர்கள் காது கொடுக்கவில்லை. தரை வழிதான் மிச்சம். தரை என்றால் அதற்குச் சொந்தக்காரர் ஒருவர் இருப்பாரே, அங்கேதான் ராஜதந்திரம் உள்ளே வருகிறது.

கேள்வி: துருக்கி சுல்தான் ஏன் சம்மதித்தார்? பிரிட்டனுக்குப் பயந்தா?

பயமெல்லாம் இல்லை. தந்தி அவருக்கே தேவைப்பட்டது. கிரிமியப் போரின்போது பிரிட்டனும் பிரான்சும் போட்ட லைன்களின் அருமையை அவர் பார்த்திருந்தார். பாக்தாத் மாதிரி தூரத்து மாகாணங்களில் ஆளுநர்கள் இஷ்டப்படி ஆண்டுகொண்டிருந்தார்கள். அவர்களைத் தலைநகரிலிருந்தே பிடித்து வைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. அதனால்தான் பிரிட்டிஷ் கம்பெனி ஒன்று இந்த வழியைத் தன் கையில் கேட்டபோது சுல்தானின் ஒட்டோமன் அரசு இசையவில்லை. பிரிட்டிஷ் எஞ்சினியர்களின் உதவியை வாங்கிக்கொண்டது, கம்பியை மட்டும் தன் பெயரில் வைத்துக்கொண்டது. 1861-ல் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து (இன்றைய இஸ்தான்புல்) பாக்தாத் வரை லைன் வந்துவிட்டது.

பாக்தாதுக்குத் தெற்கேதான் சிக்கல். அங்கே சுல்தானின் ஆணை காகிதத்தோடு சரி. நிலம் அரபுக் குடிகளின் கையில் இருந்தது. வளைகுடா முனையில் உள்ள ஃபாவ் வரை கம்பி போய்ச் சேர 1865 பிறந்துவிட்டது. இப்படி இழுக்கும் என்று முன்பே கணக்குப் போட்ட பிரிட்டிஷ்காரர்கள், மாற்று வழியாகப் பாரசீகத்தின் கதவையும் தட்டி வைத்திருந்தார்கள்.

கேள்வி: பாரசீகத்தோடு பிரிட்டன் 1856-57-ல் சண்டை போட்டதே. அடித்தவனுக்கே வீட்டுக்குள் இடம் கொடுத்தாரா ஷா?

நல்ல கேள்வி. ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகர் விவகாரத்தில் மூண்ட அந்தச் சண்டையில் பூஷெஹர் துறைமுகத்தையே பிரிட்டிஷ் படை பிடித்தது. ஆறே வருடம் கழித்து, அதே பூஷெஹருக்குத் தந்தி லைன் கேட்டு வருகிறார்கள். டெஹ்ரானில் சந்தேகம் இல்லாமல் இருக்குமா? ஏற்கெனவே வடக்கே ரஷ்யா முறைத்துக்கொண்டிருக்கிறது.

1863 ஒப்பந்தத்தைப் படித்தால் நாசிருத்தீன் ஷாவின் ஆட்கள் ஏமாளிகள் இல்லை என்று தெரியும். எல்லையிலுள்ள கானகினிலிருந்து கெர்மான்ஷா, ஹமதான், டெஹ்ரான், இஸ்ஃபஹான், ஷிராஸ் வழியாகப் பூஷெஹர் வரை கம்பி. அதைப் போடுவது பாரசீக அரசு, செலவும் அதனுடையது, சொத்தும் அதனுடையது. பிரிட்டிஷ் அதிகாரி மேற்பார்வை மட்டும் பார்ப்பார். 1865-லும் 1872-லும் புது ஒப்பந்தங்கள் போட்டு, கூடுதல் கம்பிகள் ஏறின. பிரிட்டிஷாரின் கால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தமாகப் பதிந்தது என்பதும் உண்மைதான்.

ஆனால் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது அதற்கப்புறம் நடந்தது. பாரசீகத்தில் அதிகாரிகளின் கொடுமை தாங்காதவர்கள் மசூதியிலோ ஒரு மகானின் அடக்கத் தலத்திலோ போய்த் தஞ்சம் புகுந்தால், அங்கே வந்து கை வைக்க மாட்டார்கள். தந்தி வந்த பிறகு தந்தி ஆபீஸும் அப்படியொரு தஞ்சமாகிவிட்டது! கம்பியின் அடுத்த முனை ஷாவின் சிம்மாசனத்தில்தான் முடிகிறது என்று ஜனங்களிடையே ஒரு நம்பிக்கை. ஆளுநர் மேல் புகாரா, நேரே தந்தி ஆபீஸுக்குள் போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

அடுத்தது 1891. அதற்கு முந்தின வருடம் நாட்டுப் புகையிலை வியாபாரம் மொத்தத்தையும் ஓர் ஆங்கிலேயருக்கு ஷா எழுதிக் கொடுத்திருந்தார். ஷிராஸ், தப்ரீஸ், இஸ்ஃபஹான் என்று ஊருக்கு ஊர் எதிர்ப்பு கிளம்பியது. ஒரு ஊரில் நடப்பது அடுத்த ஊருக்கு உடனே தெரிந்தது. சமாராவில் (இன்றைய இராக்) இருந்த மதத்தலைவர் மீர்ஸா ஹசன் ஷிராஸி ஷாவுக்கே தந்தி அடித்து ஆட்சேபித்தார். புகையிலையைத் தொடக்கூடாது என்ற தடை அவர் பெயரில் பரவியதும் நாடே ஹூக்காவைக் கீழே வைத்தது. 1892 தொடக்கத்தில் ஷா சலுகையை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. லண்டனும் கல்கத்தாவும் பேசுவதற்காக வந்த கம்பி, ஓர் ஆங்கிலேய வியாபாரத்தைக் கவிழ்க்கக் கைகொடுத்தது.

கேள்வி: பூஷெஹரிலிருந்து கராச்சி வரை? நடுவில் பலூச் பாலைவனம் அல்லவா?

கராச்சியிலிருந்து குவாதர் வரை கரையோரமாகத் தரைக் கம்பி. அங்கிருந்து முசந்தம் (ஓமானின் வடமுனை), பூஷெஹர், ஃபாவ் என்று 1864-ல் வளைகுடாவுக்குள் கேபிள். செங்கடலில் சூடு பட்டிருந்ததால் இந்த முறை ஒவ்வொரு சுருளையும் சோதித்துச் சோதித்து இறக்கினார்கள். பொறுப்பாக நின்ற பாட்ரிக் ஸ்டூவர்ட் என்ற எஞ்சினியர், லைன் முழுதாக ஓடுவதைப் பார்க்காமலே 1865 ஜனவரியில் கான்ஸ்டான்டிநோபிளில் இறந்தார்.

கராச்சிக்கு மேற்கே உள்ள மக்ரான் கரைக்குப் பேசப் போனவர் ஃபிரெடரிக் கோல்ட்ஸ்மிட். சென்னை ராணுவத்தின் அதிகாரி. கலாத்தின் கான், லாஸ் பேலாவின் ஜாம் (இரண்டும் பலூச் ஆட்சியாளர்களின் பட்டம்), குவாதரை வைத்திருந்த மஸ்கட் சுல்தான் என்று ஒவ்வொருவருடனும் தனித்தனி ஏற்பாடு. உள்ளூர்த் தலைவர்களுக்கு வருடாந்திரப் பணம். பதிலுக்கு அவரவர் எல்லைக்குள் கம்பியை அவர்களே காவல் காக்க வேண்டும். சொந்தக் காவல்படை வைப்பதைவிட இது மலிவு.

அப்புறம் லைனை மேற்கே பாரசீகக் கரையிலுள்ள ஜாஸ்க் வரை நீட்டப் போனால், இந்த நிலம் பாரசீகத்துடையதா கலாத்துடையதா என்ற தகராறு. யாரிடம் அனுமதி வாங்குவது என்றே தெரியாவிட்டால் கம்பம் எப்படி நடுவது? கோல்ட்ஸ்மிட் தலைமையில் எல்லைக்குழு போய் 1871-ல் கோடு போட்டது. இன்றைய ஈரான்–பாகிஸ்தான் எல்லையின் தென்பகுதிக்கு அதுதான் அடிப்படை. ஒரு தந்தி லைனுக்காக ஆரம்பித்த வேலை, இரண்டு நாடுகளின் வரைபடத்தில் நின்றுவிட்டது.

கேள்வி: 28 நிமிடத்தில் லண்டனிலிருந்து கல்கத்தாவுக்குச் செய்தி போனது என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான், ஆனால் இந்தத் துருக்கி லைனில் இல்லை. துருக்கி லைனில் 20 சொல்லுக்கு 5 பவுண்டு வாங்கிக்கொண்டு, செய்தியை நாள்கணக்கில் தாமதித்து, கடித்துக் குதறித் தருவார்கள். குற்றம் குமாஸ்தாக்களுடையது மட்டுமில்லை. தெரியாத மொழியில் வந்த எழுத்துகளை ஒவ்வொரு நிலையத்திலும் ஒருவர் கேட்டு எழுதி, திரும்ப அடிக்க வேண்டும். பருத்தி வியாபாரிகள் கொதித்துப்போனார்கள்.

ஜெர்மனியின் சீமென்ஸ் சகோதரர்கள் இதில் ஒரு வாய்ப்பைக் கண்டார்கள். வெர்னர் பெர்லினில், வில்லியம் லண்டனில், கார்ல் ரஷ்யாவில். ஒவ்வொரு அரசாங்கத்திடமும் பேச வீட்டுக்குள்ளேயே ஓர் ஆள்! பிரஷ்யா, ரஷ்யா, பாரசீகம் மூன்றிடமும் சலுகை வாங்கி, லண்டன்–எம்டன்–பெர்லின்–வார்சா–ஒடெஸா–திஃப்லிஸ்–டெஹ்ரான் என்று 1870 ஜனவரியில் லைனைத் திறந்துவிட்டார்கள். வழியில் கையால் திரும்ப அடிக்கத் தேவையில்லாமல் ரிலே கருவிகளே தாமாகத் தள்ளிவிடும். ஏப்ரல் 12 அன்று நடந்த சோதனையில் டெஹ்ரானுக்கு ஒரு நிமிடம், கல்கத்தாவுக்கு 28 நிமிடம். கிரிமியாவில் ரஷ்யாவோடு மோதிய பிரிட்டன், பதினைந்து வருடத்துக்குள் தன் இந்தியச் செய்திகளை ரஷ்ய மண் வழியாக அனுப்பியது என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: ரஷ்யாக்காரன் ஒட்டுக் கேட்க மாட்டானா?

கேட்பான். அதனால்தான் முக்கியமானவை சங்கேதத்தில் போயின. அதே 1870-ல் சூயஸ்–ஏடன்–பம்பாய் கடல் கேபிளும் வந்துவிட்டது, இந்த முறை உருப்படியாக. அதன் பிறகு பிரிட்டனின் கவனம் கடல் பக்கம் போனது. கனடாவிலிருந்து பசிபிக் வழியாக ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை கேபிள் போட்டு, தன் கொடி பறக்கும் மண்ணை மட்டும் தொட்டு உலகைச் சுற்றி முடித்தது 1902-ல்.

கேள்வி: நம் சென்னைக்கு இதில் பங்கு உண்டா அண்ணா?

உண்டு. 1871-ல் சென்னையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூருக்குக் கேபிள் போனது. கீழ்த்திசைக்கு இந்தியாவின் வாசல் அதுதான்.

இன்னொரு தொடர்பும் சொல்கிறேன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய எம்டன் கப்பலை எல்லோருக்கும் தெரியும். அது மாட்டியதே ஒரு தந்தி நிலையத்தில்தான். நவம்பர் 9 அன்று இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவில் கேபிளை அறுக்க ஆட்களை இறக்கியது. அதற்குள் நிலையத்தார் கம்பியில்லாத் தந்தியில் கூவிவிட்டார்கள். ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி வந்து எம்டனின் கதையை முடித்தது. கம்பத்தைச் சாய்க்கும்போது டென்னிஸ் மைதானத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நிலையத்தார் கேட்க, ஜெர்மானியர்களும் அப்படியே செய்தார்களாம்.

கேள்வி: சர்வதேசத் தந்தி சங்கத்தில் இந்தியா பிரிட்டனுக்கு முன்பே உறுப்பினர் என்று படித்தேன். அச்சுப்பிழையா?

இல்லை, சரிதான். 1865-ல் பாரிஸில் தொடங்கிய அந்தச் சங்கம் அரசாங்கங்களுக்கானது. பிரிட்டனுக்குள் தந்தி தனியார் கம்பெனிகளிடம் இருந்ததால் அது வெளியே நின்றது. இந்தியத் தந்தி அரசுத் துறை என்பதால் இந்தியா 1869-ல் உள்ளே போனது. உள்நாட்டுத் தந்தியை அரசுடைமை ஆக்கிய பிறகு 1871-ல்தான் பிரிட்டன் சேர்ந்தது. இந்தியாவின் பெயரில் பேசியவர்களும் வெள்ளைக்காரர்கள்தான், ரொம்பப் பெருமைப்பட வேண்டாம்.

கேள்வி: அந்த லைன் இப்போது இருக்கிறதா? பார்க்க முடியுமா?

சீமென்ஸ் லைன் 1931 வரை ஓடியது. உலகப் போர், ரஷ்யப் புரட்சி என்று நடுவில் பலமுறை அறுந்தது. பார்க்க வேண்டுமென்றால் ஓமானின் முசந்தத்துக்குப் போங்கள். கரையில் இருந்த குடிகளுக்கு அஞ்சி, 1864-ல் நிலையத்தை ஒரு குட்டித் தீவில் கட்டினார்கள். சுற்றிலும் மொட்டை மலை, காற்றே நுழையாது. சில வருடங்களிலேயே கைவிட்டுப் போய்விட்டார்கள். கசாப் ஊரிலிருந்து படகில் கூட்டிப் போய்க் காட்டுகிறார்கள். டிசம்பர், ஜனவரியில் போவது நல்லது.