எல்லாக் கருவும் முதலில் பெண்தானா?

கே: எனக்கு இது மூன்றாவது மாதம். எல்லாக் குழந்தையும் வயிற்றில் முதலில் பெண்ணாகத்தான் இருக்கும், அப்புறம்தான் சிலது ஆணாக மாறும் என்று தோழி அடித்துச் சொல்கிறாள். உண்மையா?

ப: பாதிதான் உண்மை. ஆணா பெண்ணா என்பது கரு உருவாகும்போதே குரோமோசோமில் முடிவாகிவிடுகிறது, ஆனால் உடம்பு அதை ஆறு வாரத்துக்கு வெளியே காட்டிக்கொள்ளாது. அதுவரை எந்தக் கருவுக்கும் விரையாகவும் ஆகக்கூடிய, சினைப்பையாகவும் ஆகக்கூடிய ஒரு ஜோடி மேடு வயிற்றுக்குள் இருக்கும். பக்கத்திலேயே இரண்டு ஜோடிக் குழாய்கள். முல்லேரியன் குழாய் வளர்ந்தால் கருப்பை, உல்ஃபியன் குழாய் வளர்ந்தால் விந்துக்குழாய். ஆக, அந்தக் கட்டத்தில் அது பெண்ணும் இல்லை, ஆணும் இல்லை. (நான் சொல்லும் வாரங்கள் கரு உருவான நாளிலிருந்து. உங்கள் டாக்டர் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுவார், அவர் கணக்கில் இரண்டு வாரம் கூடும்.)

ஏழாவது வார வாக்கில், ஒய் குரோமோசோம் இருந்தால், அதில் உள்ள எஸ்.ஆர்.ஒய். என்ற மரபணு வேலையைத் தொடங்கும். அது எந்த மரபணு என்பதே 1990இல்தான் பிடிபட்டது. உடனே அந்த மேடு விரையாக மாறத் தொடங்கி, இரண்டு ஹார்மோன்களைச் சுரக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் உல்ஃபியன் குழாயை வாடாமல் காப்பாற்றும். இன்னொன்று ஏ.எம்.ஹெச்., குழந்தை தள்ளிப்போகும் பெண்களுக்கு ரத்தப் பரிசோதனையாக எழுதித் தருவார்களே, அதேதான். ஆண் கருவில் அதன் வேலை, கருப்பையாகியிருக்க வேண்டிய குழாயைக் கரைத்துவிடுவது.

உங்கள் தோழி சொல்வது எங்கிருந்து வந்தது என்றால், 1940களில் ஆல்ஃப்ரெட் ஜோஸ்ட் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, தாய் வயிற்றில் இருந்த முயல் கருக்களுக்கே அறுவை செய்து அந்த மேட்டை எடுத்துப் பார்த்தார், ஆண் குட்டியானாலும் பெண் குட்டியானாலும் எல்லாவற்றுக்கும் கருப்பைதான் வளர்ந்தது. அதை வைத்துக்கொண்டு, பெண்ணாக வளர எதுவுமே தேவையில்லை, சும்மா விட்டாலே போதும் என்று வெகுகாலம் பாடம் நடத்தினார்கள். அது சரியில்லை. குழாய்கள் விஷயத்தில் ஓரளவுக்குச் சரி, ஆனால் சினைப்பை தானாக வந்துவிடாது, அதற்கும் தனி மரபணுக்கள் வேலை செய்தாக வேண்டும்.

வெளியுறுப்புகளுக்கும் ஆரம்பம் ஒன்றுதான். ஒரே சின்ன மொட்டு, அது ஆணுறுப்பின் முனையாகவும் ஆகலாம், கிளிட்டோரிஸாகவும் ஆகலாம். அதன் இரண்டு பக்கமும் உள்ள புடைப்புகள் நடுவில் ஒட்டிக்கொண்டால் விரைப்பை, ஒட்டாமல் நின்றால் பெண்ணுறுப்பின் வெளி உதடுகள். விரைப்பையின் நடுவில் தையல் போட்ட மாதிரி ஒரு கோடு ஓடும், பார்த்திருப்பீர்கள். ஒட்டிய இடம் அதுதான்.

கே: அப்படியானால் ஆண்களுக்கு மார்க்காம்பு எதற்கு?

ப: எதற்கும் இல்லை. ஹார்மோன் வருவதற்கு முன்பே அதற்கு இடம் குறித்தாயிற்று, அழிக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை.

கே: மகன் பிறந்து நாற்பது நாள். ஒரு விரையைக் காணோம். நான் மாசமாக இருக்கும்போது மாடிப்படி ஏறி இறங்கியதால்தான் என்கிறார் மாமியார்.

ப: மாடிப்படிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அதை முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள். விரை உருவாகும் இடம் கீழே இல்லை, வயிற்றின் பின்பக்கம், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். அதனால்தான் பெரியவர்களுக்கும் விரைக்குப் போகும் ரத்தக்குழாய் அவ்வளவு உயரத்திலிருந்து புறப்படுகிறது. அங்கிருந்து மெல்ல இறங்கி, ஏழாவது மாத வாக்கில் தொடை இடுக்கில் உள்ள பாதையைத் தாண்டி, பிறப்பதற்கு முன் பையில் வந்து சேர வேண்டும். மாதம் நிறைந்து பிறந்த ஆண் குழந்தைகளிலேயே நூற்றில் சுமார் மூன்று பேருக்கு இந்தப் பயணம் பாதியில் நின்றிருக்கும், குறைமாதக் குழந்தைகளில் இன்னும் அதிகம். பெரும்பாலும் முதல் சில மாதங்களில் தானே இறங்கிவிடும். ஆறு மாதம் ஆகியும் இறங்கவில்லை என்றால் குழந்தைகள் அறுவை நிபுணரிடம் காட்டுங்கள், ஒன்றரை வயதுக்குள் சின்ன அறுவை செய்து இறக்கி வைப்பார்கள். பெரியவனானால் சரியாகிவிடும் என்று தள்ளிப்போட வேண்டாம், ஏனென்றால் வயிற்றுச் சூடு விரைக்கு ஆகாது, பிற்பாடு விந்தணு குறையலாம், புற்றுநோய் அபாயமும் சற்றுக் கூடும். இரண்டு பக்கமுமே காணோம் என்றால் மட்டும் ஆறு மாதம் காத்திருக்கக் கூடாது, உடனே பரிசோதனை வேண்டும்.

கே: கருமுட்டை மாதாமாதம் புதிதாக உருவாகிறதா?

ப: இல்லை. வயிற்றில் இருக்கும் பெண் கருவுக்கு 20 வாரத்தில் 60, 70 லட்சம் இருக்கும், பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம்தான் மிச்சம். பாதிப் பிரிந்த நிலையில் அப்படியே நின்றுவிட்ட முட்டைகள் அவை. 40 வயதில் வெளிவரும் முட்டை அத்தனை வருடமும் அதே நிலையில் காத்துக்கிடந்தது, வயதாக ஆகக் குரோமோசோம் பிழை கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கே: எனக்கு 26 வயது. ஸ்கேனில் இரட்டைக் கொம்புக் கருப்பை என்று எழுதியிருக்கிறார்கள். ஏன் இப்படி?

ப: கருப்பை, மேலே சொன்ன முல்லேரியன் குழாய்கள் இரண்டும் சேர்ந்துதான் உருவாகிறது. மேல்பாதி தனித்தனியாக நின்றால் அதுவே கருக்குழாய்கள், கீழ்ப்பாதி ஒட்டினால் கருப்பை, ஒட்டிய பிறகு நடுச்சுவர் கரைய வேண்டும். உங்களுக்கு ஒட்டுவது முழுதாக நடக்கவில்லை. இதில் ஒரு சிக்கல், ஒட்டி முடிந்து நடுச்சுவர் மட்டும் கரையாமல் நின்ற கருப்பையும் சாதாரண ஸ்கேனில் ஏறக்குறைய இதே மாதிரிதான் தெரியும், ஆனால் அந்தச் சுவரை உள்ளே கருவி விட்டு எடுத்துவிடலாம், கொம்புக் கருப்பைக்குப் பெரும்பாலும் அறுவையே தேவைப்படாது. அதனால் முப்பரிமாண ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ எடுத்து எது என்று உறுதி செய்துகொள்ளாமல் அறுவைக்குச் சம்மதிக்காதீர்கள். கருத்தரித்தால் குறைமாதப் பிரசவத்துக்கு வாய்ப்பு சற்று அதிகம் என்பதால் கண்காணிப்பு வேண்டும், மற்றபடி நல்லபடியாகப் பெற்றவர்கள் நிறைய இருக்கிறார்கள். இன்னொன்று, சிறுநீரகமும் அதே வாரங்களில் அதே பேட்டையில் உருவாவதுதான், இந்த மாதிரிக் கருப்பை உள்ள சிலருக்கு ஒரு பக்கச் சிறுநீரகமே இருக்காது. அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.