தேவதைக் கதைகளைத் தலைகீழாக்கி, பயமும் சிரிப்பும் கலந்து எழுதுவது எப்படி?

இளவரசனை முட்டாளாக்கி, சூனியக்காரியை நல்லவளாக்கி, இளவரசி வாயில் இந்தக் காலத்து வசனம் நாலு வைத்தால் போதும் என்று எழுதப்படும் கதைகள் எனக்கு அலுத்துவிட்டன. முதல் பக்கத்திலேயே மாற்றம் தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஒன்றும் நடப்பதில்லை. நான் எழுதிப் பார்த்தவரையில் பலிப்பது வேறு வழி: மாயத்தின் சட்டத்தை அப்படியே விட்டுவிடுங்கள். அந்தச் சட்டத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதை மட்டும் மாற்றுங்கள்.

இருட்டைப் புதிதாகக் கொண்டுவந்து கொட்ட வேண்டியதில்லை. ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் தவளைக் கதையில் இளவரசி தவளையை முத்தமிடுவதே இல்லை. சுவரில் ஓங்கி அடிக்கிறாள், அது இளவரசனாகிறது. 1812இல் வந்த அவர்களின் முதல் பதிப்பில் ஸ்னோ வைட்டைக் கொல்லச் சொல்பவள் பெற்ற தாய். 1819 பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாய் ஆனாள். பழைய கதையைக் கையில் எடுத்தால் இப்படிப்பட்ட இடத்தைத்தான் முதலில் தேடுவேன். யார் மனம் நோகக் கூடாது என்று இதை மாற்றினார்கள்? அங்கே தொட்டால் கதை தானாக அசையும்.

சிரிப்புக்கு நாம் ஐரோப்பா வரை போக வேண்டாம். கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார், போர்க்களத்துப் பிணங்களை வைத்துப் பேய்களைக் கூழ் காய்ச்ச விடுகிறார். சமையலுக்கு முன் சுத்தம் உண்டு. முறிந்த யானைத் தந்தத்தால் பல் விளக்கி, யானை விலா எலும்பால் நாக்கு வழித்து, மூளையைத் தலையில் தேய்த்து, குருதி மடுவில் நீந்திக் குளித்த பிறகுதான் அடுப்பு. தாங்கள் பயங்கரமானவர்கள் என்ற நினைப்பே அந்தப் பேய்களுக்கு இல்லை. அவை பாட்டுக்கு வேலையைப் பார்க்கின்றன. சிரிப்பு வருகிறது, குமட்டலும் கூடவே வருகிறது. புலவர் பேய்களை நையாண்டி செய்திருந்தால் இரண்டுமே போயிருக்கும்.

நான் இருப்பது சுங்கை சிப்புட். மலேசியாவில் பேராக் மாநிலத்துத் தோட்டப்புற ஊர். பால்மரம் என்கிற ரப்பர் மரம் நின்ற இடங்களில் இன்று எண்ணெய் தரும் செம்பனை நிற்கிறது, லயத்துக் கதைகள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின் கதைகள், மட்டும் போகவில்லை. மலாய்க்காரர்களின் பொந்தியானாக் எங்கள் லயங்களுக்குள்ளும் எப்போதோ வந்துவிட்டாள். பிரசவத்தில் இறந்த பெண்ணின் ஆவி அவள். பிடரியில் ஆணி அறைந்தால் அழகான, அடக்கமான மனைவியாகிவிடுவாள். பிடுங்கினால் பழையபடி பேய். மற்ற கதைகளில் மந்திரத்தால் கட்டுண்ட பெண்ணை விடுவித்த பிறகுதான் கல்யாணம். இங்கே கட்டிப்போடுவதே கல்யாணம்! ஆணி அறைந்தவனைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இதைவிட நல்ல விதை எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

என் கதையில் ஒரு தோட்டத்துப் பையன் அப்படி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வருகிறான். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கிறாள், பாலுக்காக மரப்பட்டை வெட்டுகிறாள், பால் வாளி சுமக்கிறாள், திரும்பி வந்து சமைக்கிறாள். வாயே திறப்பதில்லை. மருமகள் என்றால் இவளல்லவா என்று லயமே மெச்சுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் அவளுக்குப் பேன் பார்க்கும்போது விரலில் ஏதோ தட்டுப்படுகிறது. முள் என்று நினைத்துப் பிடுங்கிவிடுகிறார். நகம் நீள்கிறது, கண் சிவக்கிறது. மாமியார் நடுங்குகிறார். அந்தப் பத்தியில் ஒரு சிரிப்பும் வைக்கக் கூடாது, பயம் நிஜமாக இருந்தால்தான் அடுத்து வருவது எடுபடும்.

"ஏம்மா, இத்தன நாளா இது குத்திக்கிட்டா இருந்துச்சு?"

"ஆமா அத்தே."

"சொல்லியிருக்கலாம்ல?"

"ஆணி இருக்கிறப்ப பேச வராது அத்தே."

மாமியார் ஆணியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "இது ஆம்பளைக்கும் வேலை செய்யுமா?"

"செத்தவங்களுக்கு மட்டுந்தான்."

உள்ளே மகன் குறட்டை விடுகிறான். மாமியார் கொஞ்ச நேரம் யோசிக்கிறார்.

ஆணியின் சட்டம் கடைசிவரை மீறப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். சிரிப்பு அந்தச் சட்டத்திலிருந்தே பிறக்கிறது. விலை கொடுக்க வேண்டியவர்தான் மாறுகிறார். அதே மாமியாரும் ஒரு காலத்தில் கருக்கலில் பெரட்டுக்கு ஓடி, பால் வெட்டி, வந்து அடுப்பூதியவர்தான். அந்தக் கேள்வி வேறு யார் வாயிலிருந்து வந்திருந்தாலும் வெறும் குரூரமாகிவிடும். மகன் செத்தானா என்பதை நான் எழுதவில்லை. செத்தால் அது பழிவாங்கும் கதை, இரண்டு பெண்களும் வெறும் கொலைகாரிகள். மாமியார் யோசிக்கிறார் என்பதே அந்த வீட்டில் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது.

ஆகவே உங்கள் ஊர்ப் பேய்க்கு என்ன சட்டம் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எதைக் கண்டால் நிற்கும், எதற்குக் கட்டுப்படும், கூலியாக என்ன கேட்கும் என்பதெல்லாம் வேண்டும். நான் இப்போது தொயோலை வைத்து எழுதுகிறேன். எசமானுக்காகப் பணம் திருடும் பிள்ளைப் பேய் அது. கோலிக் குண்டைக் கண்டால் திருட வந்ததை மறந்து விளையாட உட்கார்ந்துவிடும் என்பார்கள். வட்டிக்காரன் வளர்க்கும் தொயோலோடு லயத்துப் பிள்ளைகள் விடிய விடியக் கோலி ஆடிவிட்டால், வெறுங்கையோடு திரும்பும் அந்தப் பிள்ளைக்கு விழும் அடியை யார் தடுப்பது? கதை இப்போது அந்த இடத்தில் நிற்கிறது.