நிக்கோ மலைக்குப் போகிறவர்கள் கேட்டவை

ஜப்பானின் நிக்கோ தேசியப் பூங்காவையும் அங்குள்ள ஷின்டோ (ஜப்பானின் பூர்வீக மதம்) கோயில்களையும் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள். விசா பற்றிக் கேட்டவர்கள் தூதரகத்தைக் கேளுங்கள், எனக்குத் தெரிந்தது மலையும் கோயிலும்தான்.

கேள்வி: டோக்கியோவிலிருந்து ஒரே நாளில் போய்வர முடியுமா?

கோயில்கள் மட்டும் என்றால் முடியும். அசகுசாவில் தோபு ரயில் ஏறினால் சுமார் 2 மணி நேரம். மேலே சூசென்ஜி ஏரி, கேகோன் அருவி எல்லாம் பார்க்க ஓர் இரவு தங்குங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு மட்டும் வேண்டவே வேண்டாம். இலை சிவக்கும் நேரம், இரோஹாசகா மலைப்பாதையில் வண்டி நகராது.

கேள்வி: ஜேஆர் ரயில்களில் சுற்றுலாப் பயணிகள் பயன்படுத்தும் ஜேஆர் பாஸ் செல்லுமா?

உத்சுனோமியா வழியாகப் போகும் ஜேஆர் ரயிலில் செல்லும். தோபு ரயில் தனியாருடையது, அசகுசாவில் ஏறினால் தனி டிக்கெட்.

கேள்வி: தோஷோகு ஷின்டோ கோயில் என்கிறார்கள். வாசலிலேயே பௌத்தர்களின் ஐந்தடுக்கு பகோடா நிற்கிறதே?

இப்படிக் கேட்டால் எனக்குப் பேச ஆசை. அங்கே தெய்வமாக இருப்பவர் ஜப்பானை ஆண்ட ஷோகன் (படைத்தலைவர்) தொகுகாவா இயேயாசு. 1616இல் இறந்தவரை மறு ஆண்டு நிக்கோவுக்குக் கொண்டுவந்தார்கள். முன்னின்று நடத்தியவர் தென்காய் என்ற பௌத்தத் துறவி. இன்று நாம் பார்க்கும் தங்கமும் செதுக்கலும் பேரன் இயேமித்சு 1636இல் முடித்த வேலை. 1868இல் மெய்ஜி அரசு ஷின்டோவையும் பௌத்தத்தையும் பிரிக்க உத்தரவிட்டது. ரின்னோஜி பௌத்தத்துக்கு, தோஷோகுவும் ஃபுதாரசானும் ஷின்டோவுக்கு என்று பாகம் பிரித்தார்கள். பகோடா தோஷோகுவுக்குள்ளேயே நின்றுவிட்டது. யகுஷி என்ற மருத்துவ புத்தரின் மண்டபம் யாருக்கு என்று ரின்னோஜியும் தோஷோகுவும் நீதிமன்றம் வரை போனார்கள். அந்த மண்டபத்தைத் தவறவிடாதீர்கள். கூரையில் தீட்டிய டிராகனின் தலைக்கு நேர் கீழே மரக்கட்டைகளைத் தட்டிக் காட்டுவார்கள், மணி உதறியதுபோல் ஓசை அதிரும். ஓரடி தள்ளித் தட்டினால் வெறும் 'டக்'.

கேள்வி: அப்படியானால் அது கலப்படம்தானே? ஓர் ஆட்சியாளரின் சமாதிக்கு எதற்குக் கட்டணம்?

சமாதிதான், 207 கல்படி ஏறிப் பாருங்கள். மனிதரைத் தெய்வமாக்குவது அங்கே புதிதல்ல. 903இல் இறந்த அறிஞர் சுகவாரா நோ மிச்சிசானேயை இன்றும் தேர்வுக்கு முன் மாணவர்கள் கும்பிடுகிறார்கள். 'கலப்படம்' என்பது 1868ஆம் ஆண்டு அதிகாரிகளின் பார்வை. அதற்கு முன் ஆயிரம் ஆண்டு சேர்ந்தே இருந்தவை அவை.

கேள்வி: (அதே நண்பர்) தூய ஷின்டோ எங்கேதான் இருக்கிறது?

விடமாட்டீர்கள் போல. ஃபுதாரசானுக்குப் போங்கள், அங்கே 2,486 மீட்டர் நந்தாய் மலையே தெய்வம். ஆனால் 782இல் அந்த உச்சியை முதலில் தொட்டவராகச் சொல்லப்படுபவர் ஷோதோ என்ற பௌத்தத் துறவி! இதோடு விடுங்கள் சார்.

கேள்வி: நந்தாய் ஏறலாமா?

ஏப்ரல் கடைசியிலிருந்து நவம்பர் முற்பகுதி வரை. ஏரிக்கரைக் கோயிலில் காணிக்கை கட்டி, அதன் வாசல் வழியாகத்தான் ஏற வேண்டும். சுமார் 1,200 மீட்டர் செங்குத்து ஏற்றம், இறக்கத்தில் முட்டி அழும். கரடி நடமாடும் காடு, பையில் மணி கட்டுங்கள்.

கேள்வி: சைவச் சாப்பாடு?

யூபா, அதாவது சோயாப் பாலின் ஆடை, நிக்கோவின் பெருமை. ஆனால் அது மிதக்கும் சாறு பெரும்பாலும் மீன் சாறு. கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

கேள்வி: குழந்தைகளுக்கு என்ன இருக்கிறது?

தோஷோகுவின் செதுக்கல்கள்: குதிரை லாயத்தில் மூன்று குரங்குகள், கதவின் மேல் தூங்கும் பூனை. அப்புறம் யானை. யானையையே பார்க்காத ஓவியர் வரைந்து கொடுத்ததாம், காதையும் வாலையும் பார்த்தால் நம் பிள்ளைகள் சிரிப்பார்கள். வெளியே நிஜக் குரங்கு வந்தால் பிஸ்கட் நீட்டாதீர்கள்.

கேள்வி: ஒரே நாளில் எல்லாம் பார்க்கலாமா?

முதல் பதில்.

கேள்வி: அக்டோபர் கடைசியில் வருகிறோம், ஞாயிறுதான் தோது. வாடகைக் கார் எடுத்தால் சமாளிக்கலாமா?

இரோஹாசகாவில் 48 வளைவுகள். ஏற ஒரு பாதை, இறங்க வேறு பாதை, நடுவில் திரும்ப வழியில்லை. பஸ்ஸில் நிற்பவர்கள் பக்கத்திலேயே நீங்களும் நிற்பீர்கள், பாட்டு மட்டும் உங்கள் விருப்பம்.