மோலி மீன் மேல் வெள்ளைப் புள்ளிகள்: என்ன நோய், என்ன செய்யலாம்?

மோலியின் உடம்பிலும் துடுப்பிலும் ரவை தூவியது போலப் புள்ளிகள், அடிக்கடி கல்லில் உரசிக்கொள்கிறது என்கிறீர்கள். இது பெரும்பாலும் 'இக்' எனப்படும் வெண்புள்ளி நோய். ஒருசெல் ஒட்டுண்ணியின் வேலை. பஞ்சு மாதிரி படர்ந்திருந்தால் பூஞ்சையோ பாக்டீரியாவோ இருக்கலாம், அதற்கு மருந்து வேறு.

புள்ளிக்குள், அதாவது மீனின் தோலுக்கு அடியில் இருக்கும்வரை இந்த ஒட்டுண்ணியை மருந்து எட்டாது. முதிர்ந்ததும் கீழே விழுந்து, கூடு கட்டி, நூற்றுக்கணக்கில் பெருகி, அடுத்த மீனைத் தேடி நீந்தும். அப்படி நீந்தும்போதுதான் மருந்தில் அது சாகும். அதனால் புள்ளி மறைந்த அன்றே மருந்தை நிறுத்தாதீர்கள், மேலும் ஒரு வாரம் தொடருங்கள். நோயுற்ற மீனை மட்டும் தனியே எடுத்தும் பயனில்லை, தொட்டி முழுவதற்கும் வைத்தியம் வேண்டும்.

ஹீட்டரில் வெப்பத்தை மெல்ல மெல்ல 30 டிகிரிக்கு ஏற்றுங்கள். ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சி வேகமாகி, மருந்து எட்டும் கட்டத்துக்கு அது சீக்கிரம் வரும். சூடான நீரில் ஆக்சிஜன் குறையும், ஏர் பம்ப் ஓடட்டும். அயோடின் கலக்காத கல் உப்பை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கரைத்து ஊற்றலாம். மோலி தாங்கும், கோரிடோரஸ் என்ற சிறு கெளுத்தி மீனும் செடிகளும் தாங்குவது சந்தேகம். மாலகைட் கிரீன் கலந்த மருந்து என்றால் ஃபில்டரிலுள்ள கார்பனை முதலில் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்தை அதுவே உறிஞ்சிவிடும்.